கைதுப் பட்டியலை யார் பார்க்க வேண்டும்?

அமெரிக்காவில் ஒருவரைப் போலீஸ் பிடித்துச் சென்றால், பெரும்பாலான ஊர்களில் மறுநாள் விடிவதற்குள் அவருடைய பெயர், வயது, சாட்டப்பட்ட குற்றம், ஜாமீன் தொகை எல்லாம் இணையத்தில் ஏறிவிடும். பல இடங்களில் முகப்படமும் சேர்ந்தே ஏறும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எதற்காக என்று கேட்பார் இல்லை. பிடிபட்டவரின் வீட்டார் தேடும்போது இந்தப் பட்டியல் இப்போது இருப்பதைவிட எளிதாகக் கிடைக்க வேண்டும் என்பது என் கருத்து. அவர் வெளியே வந்த பிறகு, வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு அது கிடைக்கவே கூடாது என்பதும் என் கருத்துதான்.

வீட்டார் படும் பாட்டை முதலில் சொல்கிறேன். பிடித்தது நகரப் போலீஸ் என்பதால் எல்லோரும் நகரத்தின் பெயரைப் போட்டுத் தேடுகிறார்கள். ஆனால் விசாரணைக் கைதிகளை வைக்கும் ஜெயில் பெரும்பாலும் கவுண்டிக்கு, அதாவது நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவுக்குச் சொந்தம். அதை நடத்துபவர் ஷெரிஃப் எனப்படும் கவுண்டிப் போலீஸ் தலைவர். சிகாகோவில் பிடிபட்டால் குக் கவுண்டி, ஃபீனிக்ஸ் என்றால் மாரிகோபா கவுண்டி. ஹூஸ்டனுக்கு ஹாரிஸ் கவுண்டி என்று சொல்லலாம், ஆனால் அந்த நகரத்தின் ஓரங்கள் ஃபோர்ட் பெண்ட், மாண்ட்கோமரி கவுண்டிகளுக்குள்ளும் நீள்கின்றன. எந்தத் தெருவில் வண்டியை நிறுத்தினார்கள் என்பதைப் பொறுத்து ஜெயிலும் மாறும். நியூயார்க் நகரம் தனி ரகம்: அங்கே ஷெரிஃபுக்கு இதில் வேலை இல்லை, நகரத்தின் சீர்திருத்தத் துறைதான் ரைக்கர்ஸ் தீவு உட்பட எல்லாச் சிறைகளையும் நடத்துகிறது. கூகுளில் தேடினால் முதலில் வந்து நிற்பவை பணம் கேட்கும் தனியார் தளங்கள். ஷெரிஃப் அலுவலகத்தின் சொந்தத் தளத்தில் இதற்குக் காசு இல்லை என்பதே பலருக்குத் தெரியாது.

சரியான இடத்துக்கே போய்ச் சேர்ந்தாலும் நம் பெயர்கள் வம்பு செய்யும். இனிஷியல் போட்டு வாழ்ந்தவர்கள் நாம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயர் ஆகியிருக்கும், அல்லது நம் பெயரே கடைசிப் பெயராகி முதல் பெயர் காலியாக இருக்கும். அப்படிப்பட்டவருக்கு அமெரிக்க விசாவில் முதல் பெயருக்கான இடத்தில் எஃப்.என்.யூ. என்ற மூன்று எழுத்துகள் அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. ஜெயில் பட்டியலிலும் அதே மூன்று எழுத்துகள் ஏறினால், மனைவி கணவன் பெயரைத் திருப்பித் திருப்பித் தட்டினாலும் ஆள் இல்லை என்றே திரை சொல்லும். பெயரை இரண்டு வரிசையிலும் போட்டுப் பாருங்கள். பிறந்த தேதியைக் கொண்டு தேட வழியிருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். இரண்டும் உதவாவிட்டால் ஜெயிலுக்கு நேரடியாகப் போன் செய்வதுதான் வழி.

இன்னொன்று, பிடித்த உடனே பெயர் ஏறாது. கைரேகை, படம், உடல்நலக் கேள்விகள், பையில் இருந்த பொருள்களின் கணக்கு என்று புக்கிங் முடியப் பல மணி நேரம் ஆகும். அதுவரை பட்டியலில் பெயர் இல்லை என்பதற்கு ஆள் அங்கே இல்லை என்று பொருள் இல்லை. குடிவரவுத் துறை பிடித்திருந்தால் தேட வேண்டிய இடமே வேறு. ஐஸ் என்ற குடிவரவு அமலாக்க அமைப்பின் தேடல் பக்கத்தில், குடிவரவுத் துறை ஒருவருக்குக் கொடுக்கும் ஏ-எண்ணும் பிறந்த நாடும் வேண்டும். எண் தெரியாவிட்டால் பெயரும் பிறந்த நாடும். பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்தாவிட்டால் கதவு திறக்காது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் அதில் இருக்கவே மாட்டார்கள்.

ஆளைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜெயில் போனில் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள், அது பதிவாகிறது. விசாவில் இருப்பவர் என்றால் குற்றவியல் வழக்கறிஞரோடு குடிவரவு வழக்கறிஞரையும் கேளுங்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகக் கைதானாலே, தீர்ப்புக்குக் காத்திராமல் விசாவை ரத்து செய்ய வெளியுறவுத் துறையால் முடியும். பதறி நிற்கும் குடும்பத்துக்கு இந்தத் தகவல்கள் அன்றிரவே கிடைக்க வேண்டும். அதற்காகவாவது பட்டியல் திறந்திருக்கட்டும் என்கிறேன். யாரை, எங்கே, எதற்காக அடைத்து வைத்திருக்கிறோம் என்று சொல்லத் தேவையில்லாத அரசாங்கம் என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு உலகம் முழுக்கச் சான்று இருக்கிறது.

பட்டியலைத் தேட நியாயம் உள்ள இன்னொரு கூட்டமும் உண்டு. 1993 டிசம்பரில் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் மேரி பைரன் என்ற பெண்ணை அவருடைய இருபத்தோராவது பிறந்தநாளன்று முன்னாள் காதலன் சுட்டுக் கொன்றான். அவரைத் தாக்கிய வழக்கில் உள்ளே இருந்தவன் ஜாமீனில் வெளியே வந்துவிட்டான் என்பதை அந்தக் குடும்பத்துக்கு யாரும் சொல்லவில்லை. அதன் பிறகு 1994-இல் அங்கே தொடங்கியதுதான் வைன் என்ற அறிவிப்பு முறை. கைதி வெளியே விடப்பட்டால் பாதிக்கப்பட்டவருக்குத் தானாகத் தகவல் போகும். இன்று பெரும்பாலான மாநிலங்களில் இருக்கிறது, இலவசம். பதிவு செய்தவருக்கு மட்டும் செய்தி போகிறது, ஊருக்கெல்லாம் போவதில்லை. எனக்குப் பிடித்த வடிவம் இதுதான்.

மூன்றாவது கூட்டம் ஒன்று இருக்கிறது, என் கோபமெல்லாம் அதன் மேல்தான். ஷெரிஃப் தளங்களிலிருந்து படங்களை மொத்தமாக அள்ளி வைத்துக்கொண்டு, நீக்க வேண்டுமானால் சில நூறு டாலர் கொடு என்று கேட்ட தளங்கள் 2010-களில் கொழித்தன. வழக்கு தள்ளுபடி ஆனவரும் கொடுக்க வேண்டும், ஆள் மாறிப் பிடிபட்டவரும் கொடுக்க வேண்டும். 2013-இல் கூகுள் தன் தேடல் வரிசையை மாற்றி இவற்றைக் கீழே தள்ளியது. அதே ஆண்டில் ஜார்ஜியா இதற்கு எதிராகச் சட்டம் போட்டது. 2018 மே மாதம் மக்‌ஷாட்ஸ் டாட் காம் தளத்தின் உரிமையாளர்கள் என்று நால்வர் மீது மிரட்டிப் பணம் பறித்தல், பணமோசடி உள்ளிட்ட குற்றங்களைக் கலிஃபோர்னியா சுமத்தியது. கடை மூடவில்லை, பெயர்ப்பலகைதான் மாறியது. இப்போது பின்னணி விவரம் என்று மாதச் சந்தா வாங்குகிறார்கள். வேலைக்கோ வாடகைக்கோ இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அடியில் பொடி எழுத்தில் எழுதியும் வைக்கிறார்கள், வேலை, வாடகைக்கான பின்னணி அறிக்கைகளையும் கட்டுப்படுத்தும் 1970-ஆம் ஆண்டின் கடன் அறிக்கைச் சட்டம் தங்களைத் தொடாமல் இருப்பதற்காக.

திறந்த பட்டியல் வேறொரு திருட்டுக்கும் தீனி போடுகிறது. அன்று காலை ஏறிய பெயரைப் பார்த்து, அவர் வீட்டாரின் எண்ணைத் தேடிப் பிடித்து, ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து பேசுகிறோம், ஜாமீன் பணத்தைக் கிஃப்ட் கார்டாக அனுப்புங்கள் என்பார்கள். எந்த ஜெயிலும் கிஃப்ட் கார்டில் ஜாமீன் வாங்குவதில்லை. இல்லினாய்ஸில் 2023 செப்டம்பர் முதல் பண ஜாமீனே கிடையாது.

படத்தை வெளியிடுவது பற்றிச் சட்டமே இன்னும் தடுமாறுகிறது. டெட்ராய்ட் ஃப்ரீ பிரஸ் பத்திரிகை தொடுத்த வழக்கில் 1996-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் படங்களைக் கொடுக்கச் சொன்னது. லாஸ் ஏஞ்சலஸ் போலீஸிடம் ராட்னி கிங் அடிபட்ட வீடியோ இல்லாமல் போயிருந்தாலும், அவருடைய கைதுப் படம் வெளிவந்திருந்தால் உலகுக்கு விஷயம் தெரிந்திருக்கும் என்று அந்தத் தீர்ப்பு வாதிட்டது. வலுவான வாதம், என்னால் எளிதில் தள்ள முடியவில்லை. 2016-இல் அதே நீதிமன்றம் தன் முடிவைத் தானே மாற்றிக்கொண்டது: இணைய காலத்தில் அந்தப் படம் ஒருவரை வாழ்நாள் முழுக்கத் துரத்தும், அவருக்கும் அந்தரங்கம் உண்டு என்றது. அடித்த காயம் படத்தில் இருக்கிறதா என்று பார்க்க நிருபரும் வழக்கறிஞரும் கேட்டால் கொடுக்கட்டும். அதற்காகத் தினமும் பிடிபட்ட அத்தனை பேரின் முகத்தையும் ஆல்பம் போட வேண்டியதில்லை. தேடுகிற அம்மாவுக்குப் பிள்ளையின் முகம் தெரியும். சான் பிரான்சிஸ்கோ போலீஸ் 2020 ஜூலையில், பொதுமக்களுக்கு ஆபத்து இருந்தால் ஒழியப் படம் வெளியிடுவதில்லை என்று முடிவெடுத்தது. நகரம் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

எங்கள் பகுதித் தமிழர் வாட்ஸ்அப் குழுவில் அண்மையில் இப்படி ஒரு படம் சுற்றியது. "யார் பையன், எந்த ஊர்?" என்றுதான் கேள்விகள் வந்தன. அனுப்பியவரிடம் நீக்கச் சொன்னேன். "பொதுப் பதிவுதானே அண்ணா, நானா எழுதினேன்?" என்றார். அவர் அனுப்பிய பக்கத்தில் இருந்தது கைது செய்த அதிகாரி எழுதிய குற்றம். அரசு வழக்கறிஞர் அதைக் குறைக்கலாம், மாற்றலாம், வழக்கே போடாமலும் விடலாம். வாரண்ட் இல்லாமல் பிடித்தால், அதற்குப் போதிய காரணம் உண்டா என்று நீதிபதி பொதுவாக 48 மணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் சொன்னது. அந்த நீதிபதி என்ன சொன்னார் என்பது ஜெயில் பட்டியலில் வராது. கோர்ட்டின் தளத்தில் வழக்கைத் தேடினால்தான் தெரியும், அதை யாரும் குழுவில் பகிர்வதில்லை.

அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் 2021 ஜூனில் ஒரு முடிவெடுத்தது: சிறு குற்றங்களில் கைதானவர்களின் பெயரை இனி எழுதுவதில்லை. அந்த வழக்குகள் எப்படி முடிந்தன என்று தாங்கள் பின்தொடர்ந்து எழுதுவதில்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம். ஷெரிஃப் அலுவலகங்களிடமும் நான் இந்த அளவுதான் கேட்கிறேன். உள்ளே இருக்கும்வரை பெயர், இடம், குற்றம், ஜாமீன், கோர்ட் தேதி எல்லாம் போடுங்கள், போன் எடுக்க ஆளையும் போடுங்கள். விடுதலை ஆன அன்றே பக்கத்தை எடுத்துவிடுங்கள். வழக்கின் கோப்பு கோர்ட்டில் இருக்கும், வேண்டியவர் அங்கே போய்ப் படிக்கட்டும்.