“கீழ யாரு தம்பி பாக்கப் போறாங்க?”

ஜீப்பின் துருப்பிடித்த தரையை மாற்றித் தரச் சொல்லி விட்ட வெல்டிங் பட்டறைக்காரர் கேட்டது இது. நான் பார்ப்பேன் அண்ணே. நேற்று ராத்திரி ஒன்பதரை மணிக்கு வாசலில் பாயை விரித்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். அதிலிருந்து தூக்கம் இல்லை.

பழைய தரைத்தகடு அப்படியே இருக்கிறது. ஒரு அங்குலம்கூட வெட்டவில்லை. விரலால் சுரண்டினால் அப்பளம் மாதிரி உதிர்ந்து கண்ணில் விழுகிறது. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். பழைய தகட்டில் பொசுக்கென்று இறங்கி, மேலே இருக்கிற புதுத் தகட்டில் டொக்கென்று முட்டி நின்றது. அந்த டொக் சத்தத்துக்குத்தான் பதினான்காயிரம் ரூபாய் எண்ணிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

வண்டி அப்பாவுடையது. சி.ஜே.3பி. என்கிற பழைய ஜீப். ஹரிக்கேன் எஞ்சினின் உயரத்துக்காகப் பானட்டையே தூக்கிக் கட்டிய அதே மாடல். வில்லிஸ் என்கிற அமெரிக்க ஜீப் கம்பெனி 1953-இல் கொண்டுவந்து, 1968-இல் அமெரிக்காவில் நிறுத்திய பிறகும் மகிந்திரா இங்கே செய்துகொண்டிருந்தது. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்புக் கொல்லைக்கெல்லாம் அப்பா இதில்தான் போவார். 2011-இல் தானே புயலில் கொட்டகையே இதன் மேல் விழுந்தது. விண்ட்ஷீல்டு போனதே தவிர வண்டி தாங்கிவிட்டது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு அப்புறம் தென்பெண்ணைத் தண்ணீர் ஊருக்குள் வந்ததே, அப்போது இரண்டு நாள் முழங்கால் அளவு சேற்றுத் தண்ணீரில் நின்றது. தரையில் பாதியை இந்த ஊர் உப்புக்காற்று தின்றது. மீதியை அந்த இரண்டு நாள் தின்றது.

சரி, செய்ய வேண்டிய வேலை என்ன? துருப்பிடித்ததை நல்ல இரும்பு தெரிகிறவரை வெட்டி எடுக்க வேண்டும். அடியில் தரையைத் தாங்குகிற சேனலைத் தட்டிப் பார்த்து, மட்கியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். அப்புறம்தான் புதுத் தகடு. இதைச் சொல்லத்தான் மூன்று முறை பட்டறைக்குப் போனேன். சாக்பீஸால் கோடு போட்டே காட்டினேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

நான் செய்ய வேண்டியதில் எதையும் விடவில்லை. இந்த வண்டியில் பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. அது காலியாக இருந்தாலும் உள்ளே நிற்கிற ஆவிதான் ஆபத்து என்பதால் டேங்கையே கழற்றி வீட்டில் வைத்துவிட்டேன். பேட்டரியை எடுத்தேன். சீட், தரைவிரிப்பு எல்லாம் எடுத்தேன். தரையை வெட்டினால் தொட்டி மாதிரி இருக்கிற வண்டியின் உடம்பு இரண்டு பக்கமும் விரிந்துவிடும் என்று குறுக்கே முட்டுக்கொடுக்கப் பைப்பும் என் கைக்காசில் வாங்கிக் கொடுத்தேன். அந்தப் பைப் இன்று காலையில்கூட அவர் பட்டறை மூலையில், நான் கட்டிய சணல்கூட அவிழ்க்காமல் கிடக்கிறது.

தகடும் நான் வாங்கியதுதான். பதினெட்டு கேஜ், அதாவது 1.2 மில்லிமீட்டர். அச்சில் அழுத்தி மேடும் பள்ளமுமாக வரி போட்டது. அந்த வரி அழகுக்கு இல்லை. வெறும் தட்டைத் தகடு கால் வைத்தால் அமுங்கும், ஓடும்போது தகர டின் மாதிரி அதிரும். வரி இருந்தால்தான் விறைப்பாக நிற்கும். இதற்காகவே வடநாட்டிலிருந்து வரவழைத்து, லாரி ஆபீஸுக்கு நாலு நாள் நடந்தேன்.

வேலை நடந்த அன்றைக்குப் பிற்பகல் மூன்று மணி வரை பட்டறையிலேயே நின்றேன். கிரைண்டருக்குப் புது கட்டிங் வீல் மாட்டினார், அதை என் கண்ணால் பார்த்தேன். “நீங்க போய் பாப்பாவ ஸ்கூல்ல இருந்து கூட்டிக்கிட்டு வாங்க தம்பி, அதுக்குள்ள வெட்டிடறேன்” என்றார். நம்பிப் போனேன். ஒன்றரை மணி நேரத்தில் திரும்பி வந்தால் வேலையே முடிந்துவிட்டது என்கிறார். ஒன்றரை மணி நேரத்தில் பழைய தரையை வெட்டி எடுக்கவே முடியாதே அண்ணே! அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். மேலே கறுப்புப் பெயின்ட் பளபளவென்று அடித்திருந்தது, காயக்கூட இல்லை. குனிந்து பார்க்கப் போனேன். அப்போதுதான் தோளில் கை போட்டு அந்த வார்த்தையைச் சொன்னார். “கீழ யாரு தம்பி பாக்கப் போறாங்க? மேல பாருங்க, எப்படி இருக்கு!”

மேலேயே என்ன லட்சணம் என்று பகல் வெளிச்சத்தில் இன்று பார்த்தேன். பழைய தரைமேல் படிய வேண்டும் என்பதற்காக அந்த வரிகளையெல்லாம் சுத்தியால் அடித்துத் தட்டையாக்கியிருக்கிறார். நாலு நாள் நடந்து வாங்கிய வரி! கேஸ் விட்டு மெல்லிய கம்பியால் பற்றவைக்கிற மிக் வெல்டிங் என்று பேசி அதற்கான காசும் வாங்கியவர், கேஸ் இல்லாத சாதாரண ஆர்க் ராடில் பற்றவைத்திருக்கிறார். 3.15 மில்லிமீட்டர் ராடை 1.2 மில்லிமீட்டர் தகட்டில் வைத்தால் ஓட்டை விழாமல் என்ன செய்யும்? விழுந்த ஓட்டையெல்லாம் ராடை உருக்கியே அடைத்து, அது கட்டி கட்டியாக நிற்கிறது. கேட்டால் கடல்காற்று கேஸை அடித்துக்கொண்டு போகிறது, மிக் நிற்காது என்கிறார். உண்மைதான், மத்தியானத்துக்கு மேல் நம் ஊர்க் காற்றில் கேஸ் நிற்காது, வெல்டிங் முழுக்கப் பொத்தல் விழும். அதற்குத்தான் தார்ப்பாய் இருக்கிறது, காலை நேரம் இருக்கிறது.

அதுவும் ஒரே இழுப்பில், முழ நீளத்துக்கு. இங்கே ஒரு பொட்டு, எதிர்ப்பக்கம் ஒரு பொட்டு என்று மாற்றி மாற்றி வைத்து, நடுவில் ஆறவிட்டால்தான் மெல்லிய தகடு நெளியாது. இப்போது அம்மா உட்காருகிற இடதுபக்கம் கால் வைத்தால் தகடு டப்பென்று உள்ளே போய், காலை எடுத்தால் டப்பென்று வெளியே வருகிறது. தண்ணீர் வடிய விடச் சொன்ன ஓட்டையையும் சேர்த்தே மூடிவிட்டார். திறந்த வண்டி, மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும்? இரண்டு தகட்டுக்கும் நடுவில்தான் போகும். அந்த இடுக்கில் பெயின்ட் போகாது, பிரஷ் போகாது, வெயில் போகாது. உப்பும் ஈரமும் மட்டும் போகும். புதுத் தகடும் உள்ளேயிருந்தே அரிக்க ஆரம்பிக்கும். வெளியே தெரிகிற அன்றைக்கு அம்மாவின் சீட்டைப் பிடிக்கிற போல்ட்டுக்கு அடியில் இரும்பே இருக்காது. அந்த சீட் நிற்பதே அந்தத் தரையில்தான்.

எழுபத்திரண்டு வயசு அவர்களுக்கு. கோயிலுக்கு அந்த ஜீப்பில்தான் போவேன் என்று அடம்பிடிக்கிறார்கள், அப்பா ஓட்டிய வண்டி என்பதால்.

காசு போனது கூடப் பரவாயில்லை. முடியாது என்று சொல்லியிருக்கலாம். “எனக்கு இது வராது தம்பி, வேற ஆளப் பாருங்க” என்றால் ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். தெரியாதவர் இல்லை அவர். டிராக்டர் டிரெய்லருக்கு அவர் போடுகிற வெல்டிங்கைப் பார்த்துதான் போனேன், மீன் செதில் மாதிரி வரிசையாக நிற்கும். அந்தக் கைக்கு வேலை தெரியும். மேலே தெரிகிற இடத்துக்கு மட்டும்தான் அந்தக் கை உழைக்கும் என்றால் அதை எப்படித் தாங்குவது?

மறுபடி அவரிடம் போகப் போவதில்லை. எல்லாவற்றையும் நானே பிரிக்கிறேன் என்று இன்று காலையில் கிரைண்டரை எடுத்தேன். பத்து மணிக்குக் கரண்ட் போனது, இரண்டு மணிக்கு வந்தது. ஓரத்தில் அவர் வைத்த பற்றுகளைத் துளைத்து எடுக்கலாம் என்று மஞ்சக்குப்பத்தில் எட்டு எம்.எம். டிரில் பிட் ஒன்று வாங்கி வந்தேன். ஹெச்.எஸ்.எஸ்., அதாவது இரும்பைத் துளைக்கிற ஹை ஸ்பீட் ஸ்டீல் என்று அதன் மேலேயே அடித்திருக்கிறது. முதல் ஓட்டையில் புகைந்தது. இரண்டாவது ஓட்டையில் முனை நீலமாகி மழுங்கிவிட்டது. எண்ணெய் விட்டு, மெதுவாகத்தான் ஓட்டினேன். திருப்பிக் கொண்டுபோனால் கடைக்காரர் அதைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “இப்பல்லாம் இப்படித்தான் சார் வருது” என்கிறார்.

இரும்பைத் துளைக்காத டிரில் பிட்டை எதற்கு ஐயா விற்கிறீர்கள்?