இடைவேளை விடுவது அவ்வளவு எளிதா?
படிப்போடு தன்னார்வப் பணியையும் சமாளிப்பது பற்றிய இந்தக் கட்டுரையில், ஆய்வேடு எழுதும் மாதங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் பணியை நிறுத்திவிட்டு, நேரம் கிடைக்கும்போது தொடரலாம் என்று சொல்வதுதான் எனக்கு இடிக்கிறது. நமக்கு அது காலண்டரில் ஒரு கட்டம். காத்திருக்கும் பிள்ளைக்கு அப்படியல்ல. கிராஸ்மன், ரோட்ஸ் இருவரும் 2002இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், ஓராண்டு அல்லது அதற்கு மேல் நீடித்த வழிகாட்டி உறவுகளில்தான் இளையோருக்கு அதிகப் பலன் தெரிந்தது, சீக்கிரமே முறிந்தவற்றில் பின்னடைவுதான் (அதற்குப் போகாமலே இருந்திருக்கலாம்!). நான் முதுகலை படித்தபோது ஒரு பள்ளி மாணவனுக்கு வழிகாட்டியாக இருந்தேன். தேர்வு நெருங்கினால் சந்திப்பின் நேரத்தைக் குறைப்பேன், கிழமையை மட்டும் மாற்ற மாட்டேன். அவன் வீட்டுப்பாடம் எழுத, நான் பக்கத்தில் உட்கார்ந்து என் பாடத்தை வாசித்த நாட்களும் உண்டு. அவனுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. மேலே பின்னூட்டத்தில் "முடியாது என்று சொல்லப் பழகுங்கள்" என்று எழுதியிருக்கும் நண்பருக்கு: சரி, ஆனால் அதை வழிகாட்டியாகச் சேர்வதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். படிப்பு நெருக்கடியில் இருப்பவர்கள் ஒருநாள் பயிற்சி முகாம், விண்ணப்பம் எழுத உதவுவது போன்ற வேலைகளை எடுத்துக்கொள்ளலாம். அடுத்த வாரம் வருவீர்களா என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.