எங்கள் தாத்தா உங்கள் எடுத்துக்காட்டு அல்லர்

சென்ற வாரம் என் கணவரின் தாத்தா மறைந்தபோது நான் எழுதிய நான்கு வரி அஞ்சலிக்குக் கீழே என்ன நடந்தது என்பதைப் பலரும் பார்த்தீர்கள். அதை மறுபடி எடுத்து ஒட்டப் போவதில்லை. "கல்விக்காகவே வாழ்ந்தவர்" என்று நான் எழுதியதைப் பிடித்துக்கொண்டு, "படிப்பு வெறி பிடித்த கொரியத் தலைமுறையின் பிரதிநிதி" என்று ஒரு நண்பர் தீர்ப்பு எழுதினார். அதற்கு விருப்பக்குறிகள் குவிந்தன. அந்த நேரத்தில் தாத்தாவின் உடல் தென்கொரியாவின் தேகு நகரில் ஒரு மருத்துவமனையின் இறுதிச்சடங்கு மண்டபத்தில் இருந்தது. நான் வந்தவர்களுக்கு மாட்டிறைச்சி ரசம் பரிமாறிக்கொண்டிருந்தேன். நடுவில் கைப்பேசியை எடுத்துப் பார்த்தது என் தவறுதான்.

தாத்தா யாருக்கும் பிரதிநிதி அல்லர். 1931இல் ஆண்டோங் பக்கம் ஒரு சிற்றூரில், குத்தகை நிலத்தை உழுத வீட்டில் பிறந்தவர். அவர் பள்ளியில் சேர்ந்த 1938ஆம் ஆண்டில்தான் அன்று கொரியாவை ஆண்ட ஜப்பானிய அரசு கொரிய மொழியைக் கட்டாயப் பாடமல்ல என்று ஆக்கியது. பிறகு பள்ளியில் அதைப் பேசுவதே குற்றமாயிற்று. வாரத் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பத்து அட்டை கொடுப்பார்களாம். வாய் தவறி ஒருவன் கொரிய மொழியில் ஒரு சொல் பேசிவிட்டால், கேட்டவன் அவனிடமிருந்து ஓர் அட்டையைப் பறித்துக்கொள்ளலாம். சனிக்கிழமை அட்டை குறைந்தவனுக்கு அடி. பள்ளி வாசலில் "அம்மா" என்று கூப்பிட்டதற்கு ஓர் அட்டை போன கதையைச் சொல்லும்போதெல்லாம், தொண்ணூறு வயதிலும் அவர் கை தானாகச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும். 1940இல் தொடங்கிய பெயர் மாற்றத்தில் தமக்கு வைத்த ஜப்பானியப் பெயரை, நான் எத்தனை முறை கேட்டும் அவர் சொல்லவில்லை.

தாய்மொழியின் எழுத்தை அவர் முறையாகக் கற்றது 1945 ஆகஸ்டில் விடுதலை வந்த பிறகு, பதினான்கு வயதில். பகலில் வயல், இரவில் பாடம். அப்படிக் கற்ற ஒருவர், 1953இல் கொரியப் போர் ஓய்ந்து படையிலிருந்து திரும்பியதும், குளிர்காலத்தில் வயல் வேலை இல்லாத மாதங்களில் ஊர்ப் பெண்களைக் கூட்டி வைத்து இரவுப் பள்ளி நடத்தினார் என்றால், அதற்குப் பெயர் வெறியா? படையிலிருந்து வந்த கடிதத்தை அடுத்த வீட்டுக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கூனிக் குறுகிய பெண்கள்தான் அங்கே வந்தார்கள். 1970இல் அரசு ஒவ்வோர் ஊருக்கும் 335 மூட்டை சிமென்ட் கொடுத்தபோது, பிள்ளைகள் ஓடையைக் கடந்து பள்ளிக்குப் போக முதலில் ஒரு பாலம் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கியவரும் அவர்தான். பாலம் இன்னும் இருக்கிறது; பள்ளிதான் பிள்ளைகள் இல்லாமல் மூடிக் கிடக்கிறது. பசிக்கும் வெறிக்கும் வேறுபாடு தெரியாதவர்களோடு எப்படிப் பேசுவது?

திருமணமாகி வந்த புதிதில் என் பெயரைத் தமிழில் எழுதிக் காட்டச் சொன்னார். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இந்த எழுத்துக்காக உங்கள் ஊரில் யாரும் அடி வாங்கியிருக்கிறார்களா?" என்று கேட்டார். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அன்றிலிருந்து நான் அந்த வீட்டில் வெளிநாட்டுக்காரி இல்லை.

"அப்படியானால் நள்ளிரவு வரை தனிப்பயிற்சி மையங்களில் வாடும் பிள்ளைகள்?" என்று கேட்பீர்கள். கேளுங்கள். நவம்பரில் நடக்கும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்தைக் காதால் கேட்டு எழுதும் பகுதி நடக்கும்போது விமானங்களையே பறக்கவிடாத நாடு இது. இங்கே பிள்ளை வளர்க்கும் எனக்கு அந்த நெருக்கடியை நீங்கள் கற்றுத்தர வேண்டியதில்லை. "சொந்தத் தாத்தாவுக்கு ஒரு வரி எழுதியதுண்டா?" என்று இன்னொருவர் கேட்டிருந்தார். என் தாத்தாவை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். போதுமா?

உண்மையில் கணவரின் தாத்தாவைக் குற்றம் சொல்ல வேண்டுமென்றால் அதற்கு ஓர் இடம் இருக்கிறது. அது அந்த அறிவாளிக்குத் தெரியாது, நானே சொல்கிறேன். பல்கலைக்கழகத்தை உலகத்திலிருந்து விலகி நிற்கும் தந்தக் கோபுரம் என்பார்கள். பெற்றோர் மாட்டை விற்றுக் கட்டணம் கட்டியதால், கொரியாவில் அதை மாட்டெலும்புக் கோபுரம் என்று கேலி செய்தார்கள். என் மாமனாரின் படிப்புக்கும் மாடு போனது. மாடு போதவில்லை. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக் கொடுத்த அதே மனிதர், தம் மூத்த மகளின் படிப்பைத் தொடக்கப் பள்ளியோடு நிறுத்தித் தேகு நூற்பாலைக்கு ஏற்கெனவே அனுப்பியிருந்தார். அப்போது அந்த மகளுக்கு, என் கணவரின் அத்தைக்கு, பதினைந்து வயது. அவர் அனுப்பிய சம்பளத்தில்தான் தம்பி பட்டம் பெற்றார். காலம் அப்படி என்று சொல்லலாம், வறுமை என்றும் சொல்லலாம்; அத்தையின் முன்னால் உட்கார்ந்து அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

அந்த அத்தை 58 வயதில் தனித்தேர்வராகப் பள்ளித் தேர்வு எழுத முடிவு செய்தார். தாத்தாவுக்கு எண்பது தாண்டியிருந்தது. இரவு எட்டு மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு வரலாற்றுக் கேள்வி கேட்பார். தவறாகச் சொன்னால் திட்டுவார். மறுநாள் மீண்டும் கூப்பிடுவார். ஓர் ஆண்டுக்கு மேல் இது நடந்தது. மன்னிப்பு என்ற சொல்லை அவர் ஒருமுறையும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்றே நான் இன்றும் நினைக்கிறேன்.

மண்டபத்தில் முறைப்படி மூத்த மகன்தான் வந்தவர்களின் வணக்கத்தை ஏற்று நின்றார். அத்தையை உள்ளே போய் ஓய்வெடுக்கச் சொன்னோம், கேட்கவில்லை. மூன்று நாளும் வாசலில் வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கண் மங்கிய, கை நடுங்கிய ஊர்க்காரர்கள் வந்தபோது பேனாவை வாங்கி, ஒவ்வொருவர் பெயரையும் கேட்டுக் கேட்டு, தம் கையாலேயே எழுதினார்.