பெல்ட்டை எண்ணாதீர்கள், தராசைப் பாருங்கள்

"பிலிப்பைன்ஸின் பாக்கியாவ் எட்டு எடைப் பிரிவில் பட்டம் வாங்கியவர், அவருக்கு மேல் யார்?" குத்துச்சண்டையில் எல்லா எடைக்கும் சேர்த்து யார் பெரியவர் என்று பேச்சு வந்தாலே இந்த வாதம் வந்துவிடுகிறது. பாக்கியாவ் மாபெரும் வீரர்தான். ஆனால் அதைக் காட்ட பெல்ட் கணக்கு, அதாவது எத்தனை பட்டம் என்ற எண்ணிக்கை, உதவாது. 2003ல் பரேராவையும் 2009ல் ஹாட்டனையும் அவர் வீழ்த்தியபோது உலகப் பட்டம் தரும் நான்கு பெரிய அமைப்புகளின் பெல்ட் எதுவும் பந்தயத்தில் இல்லை. அவருடைய மிகச் சிறந்த ஆட்டங்களில் அவை இரண்டும் உண்டு.

இப்போது 17 பிரிவுகள் இருக்கின்றன. 112 பவுண்டிலிருந்து 115க்கு ஏறினால் கூடுவது மூன்று சதவீதத்துக்கும் கீழே. 147லிருந்து 154க்கு ஏறினால் ஐந்து சதவீதம் போல. 175லிருந்து 200க்குப் போனால் பதினான்கு. மூன்றையும் 'ஒரு பிரிவு மேலே' என்றே எழுதுகிறோம், என்ன நியாயம்? ஹென்றி ஆம்ஸ்ட்ராங் 1938ல் ஃபெதர் (126 பவுண்ட்), லைட் (135), வெல்டர் (147) பட்டங்களை ஒரே நேரத்தில் கையில் வைத்திருந்தபோது இருந்ததே எட்டுப் பிரிவுதான். அந்த மூன்றை இன்றைய மூன்றோடு ஒப்பிடவே முடியாது.

அடுத்தது கேட்ச்வெயிட், அதாவது பிரிவின் வரம்பை விட்டு இரு தரப்பும் பேசிவைக்கும் எடை. 1988ல் லெனர்ட் - லலோண்ட் சண்டையில் 175 பவுண்ட் பட்டமும் இருந்தது, ஆனால் ஒப்பந்த எடை 168. 175 சாம்பியன் லலோண்ட் ஏழு பவுண்ட் வற்றி வந்தார். உடலில் தண்ணீர் வற்றினால் முதலில் கால் தளரும், பிறகு அடி தாங்கும் சக்தி போகும். 2010ல் பாக்கியாவ் - மார்கரிட்டோ சண்டையும் 154 பட்டத்துக்கு 150 பவுண்டில் நடந்ததுதான். ஆனால் எடை பார்ப்பது முந்தின நாள். மறுநாள் ரிங்கில் ஏறும்போது மார்கரிட்டோ 165, பாக்கியாவ் 148. எனக்கு அந்த பெல்ட்டைவிட இந்த 17 பவுண்ட்தான் பெரிது.

எல்லாரையும் ஒரே அளவுக்குச் சுருக்கி மோதவிட்டால் யார் ஜெயிப்பார் என்ற கற்பனையையும் விட்டுவிடலாம். சின்ன உடம்பின் வேகம் அந்த உடம்போடுதான் வரும். ராட்சத உடம்புக்காரர் ஃப்யூரியைச் சுருக்கினால் அவர் ஃப்யூரியே இல்லை.

பார்க்க வேண்டியது இதுதான்: எதிராளி அவருடைய இயல்பான எடையில், நல்ல ஃபார்மில் இருந்தாரா? எப்படி ஜெயித்தார்கள்? 2023 ஜூலையில் நான்கு நாள் இடைவெளியில் ஜப்பானின் இனோவே ஃபுல்டனையும், அமெரிக்காவின் க்ராஃபோர்ட் ஸ்பென்ஸையும் நிறுத்தினார்கள், அதாவது 12 ரவுண்ட் முடியும் முன்பே வீழ்த்தினார்கள். ஸ்பென்ஸ் ஒரு வருடத்துக்கும் மேல் சண்டையிடாமல் வந்தவர். ஃபுல்டன் தோல்வியே காணாத சாம்பியன், இனோவேக்கோ 122 பவுண்ட் பிரிவில் அதுதான் முதல் சண்டை. அந்த வாரம் இனோவேதான் மேல். ஆனால் 135ல் முதல் பட்டம் வாங்கிய க்ராஃபோர்ட், 2025 செப்டம்பரில் 168ல் கனெலோவைப் புள்ளிகளில் வென்று இனோவேயைத் தாண்டிவிட்டார்.

இந்தத் தலைமுறையில் என் முதலிடம் உக்ரைனின் உசிக்குக்கு. அவர் ஆடும் மிகக் கனமான பிரிவான ஹெவிவெயிட்டில் மேல்வரம்பு கிடையாது, அதனால் எதிராளியை வற்றவைக்கவும் வழியில்லை. 2024 டிசம்பரில் ஃப்யூரி 281 பவுண்ட், உசிக் 226. மூன்று ஜட்ஜ்களும் உசிக்குக்கு 116-112 கொடுத்தார்கள். இந்த விளையாட்டில் அவ்வளவு எடையை விட்டுக்கொடுத்து, அந்தத் தரத்து ஆளை 12 ரவுண்ட் கால் வேலையாலேயே சமாளிப்பதற்கு ஈடாக இந்தத் தலைமுறையில் வேறொன்றை என்னால் காட்ட முடியவில்லை.

இரண்டாவது க்ராஃபோர்ட், மூன்றாவது இனோவே. 2024ல் நெரியும் 2025ல் கார்டனாஸும் இடது ஹூக்கால் (பக்கவாட்டில் வளைத்து வீசும் குத்தால்) இனோவேயைக் கீழே தள்ளினார்கள். 108ல் பட்டம் வாங்கத் தொடங்கிய உடம்பு 122ல் கொடுக்கும் விலை அது. இரண்டு முறையும் எழுந்து இருவரையும் நிறுத்தினார். 126க்கு ஏறி அங்கே இருக்கும் முதல்தர ஆளை வென்றால் க்ராஃபோர்டுக்கு மேலே வைப்பேன்.