ரேடியோவில் டேட்டா பிழையா? பவரை ஏற்றினால் தீராது

கம்பியில்லாமல் டேட்டா அனுப்பவும் வாங்கவும் உதவும் என்ஆர்எஃப்24எல்01 ரேடியோ மாட்யூலை ஆர்டுயினோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டோடு இணைப்பவர்களிடையே ஓர் அறிவுரை சுற்றிவருகிறது: "டேட்டா விட்டுவிட்டு வந்தாலோ தப்பாக வந்தாலோ டிரான்ஸ்மிட் பவரை மேக்ஸிமத்தில் வையுங்கள், சரியாகிவிடும்." இது தவறு. பல சமயம் இதனாலேயே பிழை கூடுகிறது.

முதல் சந்தேகம் மின்சாரத்தின் மேல் இருக்க வேண்டும். தனி ஆன்டெனாவுடன் வரும் மாட்யூல், அனுப்பும் கணத்தில் 100 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஆர்டுயினோ வகைகளில் ஒன்றான ஊனோ ஆர்3 போர்டின் 3.3 வோல்ட் பின் தருவதோ 50 தான். பவரை ஏற்றினால் வோல்டேஜ் அந்தக் கணத்தில் சரிகிறது, பாக்கெட் (ஒரே தடவையில் போகும் டேட்டாத் துண்டு) தொலைகிறது. மாட்யூலின் விசிசி (மின்சாரம் நுழையும் கால்), கிரவுண்ட் கால்களுக்கு மிக அருகிலேயே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் பற்றவையுங்கள். ஆன்டெனா வகைக்குத் தனி 3.3 வோல்ட் ரெகுலேட்டரே நல்லது. மேசையில் அனுப்பும் மாட்யூலையும் வாங்கும் மாட்யூலையும் பக்கத்தில் வைத்துச் சோதிக்கும்போது பவரைக் குறைக்கத்தான் வேண்டும், ரிசீவர் திணறிவிடும்.

தூரம்தான் பிரச்சினை என்றால் வேகத்தை 2 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 250 கேபிபிஎஸ்ஸுக்கு இறக்குங்கள் (இந்த வேகம் என்ஆர்எஃப்24எல்01 பிளஸ் சிப்பில் மட்டுமே உண்டு). ரிசீவரின் உணர்திறன் மைனஸ் 82-இலிருந்து மைனஸ் 94 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு) ஆகிறது, அதாவது இன்னும் பலவீனமான சிக்னலும் பிடிபடும். வைஃபை நெரிசல் இருந்தால் சேனலையும் மாற்றிப் பாருங்கள்.

அப்புறம் முக்கியமான ஒன்று. பாக்கெட் வழியில் மாறிவிட்டதா என்று மாட்யூலே பார்க்கும் சிஆர்சி சோதனை இயங்கும்போது, காற்றில் கெட்ட பாக்கெட் அநேகமாக உங்கள் கைக்கே வராது. பாக்கெட் ஒழுங்காக வந்தும் எண்கள் மட்டும் உளறினால் புரோகிராமைப் பாருங்கள்: முழு எண்ணை வைக்கும் இன்ட் என்ற வகை ஊனோ ஆர்3-இல் 2 பைட், இஎஸ்பி32 என்ற வேறொரு மைக்ரோகன்ட்ரோலரில் 4 பைட். ஒரு பக்கம் 2 பைட்டாக அனுப்பியதை மறுபக்கம் 4 பைட்டாகப் படித்தால் எண் மாறிவிடும். இரு பக்கமும் எப்போதும் 2 பைட்டாக இருக்கும் int16_t என்றே அறிவியுங்கள்.