குண்டு விழும் ஊரில் ஒரே ஒரு கொலை

போர்க்கால நகரத்தில் நடக்கும் துப்பறியும் கதைகளைத் தேடித் தேடிப் படிப்பேன், பாதியில் மூடி வைத்தவையும் நிறைய. அபாயச் சங்கு ஊதும், விளக்கை அணைப்பார்கள், தூரத்தில் எங்கோ குண்டு விழும், அப்புறம் வழக்கமான மாளிகைக் கொலை, வழக்கமான புத்திசாலி அதிகாரி. போரை உருவியெடுத்துவிட்டுக் கதையை 1925க்குக் கொண்டுபோனாலும் ஒரு வரிகூட மாறாது. இதைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது, ஏனென்றால் இரண்டாம் உலகப் போர் நாட்களில் உண்மையில் நடந்த வழக்குகளைப் படித்தால் கொலை செய்ய வழி கொடுத்ததே போர்தான் என்று தெரியும்.

லண்டனில் நடந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். 1942 ஜூலை. வாக்ஸ்ஹால் பகுதியில் குண்டுவீச்சில் சிதைந்த ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்தை இடித்துக்கொண்டிருந்த தொழிலாளி தரையிலிருந்த கற்பலகையைப் புரட்டுகிறார், அடியில் எலும்பும் கொஞ்சம் சதையுமாக ஒரு உடல். 1940 செப்டம்பர் 7 தொடங்கி 57 இரவுகள் விடாமல் குண்டு விழுந்த ஊர் அது, இடிபாட்டுக்குள் பிணம் கிடைப்பதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. இன்னொரு குண்டுவீச்சுச் சாவு என்று எழுதி முடித்திருக்கலாம். ஆனால் பிரேதப் பரிசோதனை செய்த கீத் சிம்ப்சன், தலை தனியாக அறுக்கப்பட்டிருப்பதைக் கவனிக்கிறார். கைகால்களையும் வெட்டியிருக்கிறார்கள், மேலே சுண்ணாம்பு வேறு. குரல்வளைப் பக்கத்தில் சின்னதாக ஒரு முறிவு, கழுத்தை நெரித்ததன் அடையாளம். இதில் என்னை இன்றைக்கும் உலுக்குவது அந்தச் சுண்ணாம்புதான். உடலை அரித்துவிடும் என்று நம்பித்தான் கொலைகாரன் போட்டிருக்கிறான், அது பூச்சி புழு அண்டாமல் தடுத்து அந்தக் குரல்வளையைப் பத்திரமாக வைத்திருந்தது!

மண்டையோட்டின் படத்தைக் காணாமல்போன ஒரு பெண்ணின் புகைப்படத்தோடு பொருத்திப் பார்த்தார்கள், அவளுடைய பல் மருத்துவர் எழுதி வைத்திருந்த குறிப்பும் அப்படியே ஒத்துப்போனது. 1941 ஏப்ரலில் காணாமல்போன ரேச்சல் டாப்கின். கணவன் ஹாரியை விட்டுப் பிரிந்து வாழ்ந்தவள். அவனுக்கு அந்தத் தேவாலயத்தை ஒட்டிய கட்டடத்தில் தீக்காவல் வேலை, அதாவது குண்டு விழுந்து நெருப்புப் பிடித்தால் பார்த்துச் சொல்ல வேண்டிய ஆள். இரவில் அந்த இடத்தில் நிற்க உரிமை, யாரும் கேட்காத தனிமை, பக்கத்திலேயே இடிபாடு, எல்லாமே போர் கொடுத்தது. 1943 ஜனவரியில் அவனைத் தூக்கிலிட்டார்கள்.

ஊரே செத்துக்கொண்டிருக்கும்போது ஒரு பெண்ணின் சாவுக்கு இத்தனை மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். அவளையும் குண்டில் செத்தவர்கள் கணக்கில் சேர்த்திருந்தால், கூட்டத்தில் ஒளித்துவிடலாம் என்று அவன் போட்ட கணக்கு பலித்திருக்கும். போர்க்காலத் துப்பறியும் கதைக்கு இந்தக் கேள்வியைவிடப் பெரிய முடிச்சு எனக்குத் தெரியவில்லை, ஆனால் எழுதுகிறவர்கள் பலரும் இதைத் தொடுவதே இல்லை.

பெர்லின் இன்னும் சங்கடமான இடம். விளக்கணைத்த நகர ரயில்களிலும் ரயில் பாதை ஓரங்களிலும் 1940, 41இல் எட்டுப் பெண்களைக் கொன்ற பால் ஓகோர்சோவ் ஒரு ரயில்வே ஊழியன், நாஜிக் கட்சி உறுப்பினர். சந்தேகம் முதலில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் மேலும் யூதர்கள் மேலும்தான் போனது. அவனைப் பிடித்த குற்றப்பிரிவு போலீசோ 1936லிருந்து ஹெய்ட்ரிஷ் என்ற நாஜித் தலைவரின் கீழ் இயங்கிய துறை, ரகசியப் போலீசான கெஸ்டபோவும் அவர் கையில்தான். அங்கே ஒரு நேர்மையான அதிகாரியைக் கதாநாயகனாக்கும்போது, அவர் எழுதும் ஒவ்வொரு அறிக்கையும் யார் மேசைக்குப் போகிறது என்பதை எழுதாமல் விட்டால் அது வாசகனை ஏமாற்றுவதுதான்.

பாரிஸைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்லத் தோன்றுகிறது. 1944 மார்ச், ஊர் ஜெர்மானியர் பிடியில், லே சூர் தெருவில் ஒரு வீட்டுப் புகைபோக்கியிலிருந்து தாங்க முடியாத நாற்றம் என்று அக்கம்பக்கத்தினர் புகார் செய்கிறார்கள், தீயணைப்புப் படையினர் உள்ளே நுழைந்தால் அடுப்பில் மனித உடல்கள். கொஞ்ச நேரத்தில் சைக்கிளில் ஒருவர் வருகிறார். அவர்தான் அந்த வீட்டுக்காரர், டாக்டர் மார்செல் பெத்தியோ. அங்கிருந்த காவலர்களிடம் நீங்கள் பிரெஞ்சுக்காரர்கள்தானே என்று கேட்டுவிட்டு, இவை ஜெர்மானியர்கள், தேசத் துரோகிகளின் உடல்கள் என்கிறார். அவர்கள் அவரைப் போகவிட்டுவிடுகிறார்கள். உண்மையில் நாட்டைவிட்டுத் தப்ப வழி செய்கிறேன் என்று பணம் வாங்கி, நம்பி வந்தவர்களைக் கொன்றவர் அவர், அதில் யூதர்கள் பலர். 26 கொலைகளுக்குத் தண்டனை பெற்று 1946 மே மாதம் கில்லட்டினில் தலை போனது.

எனக்கு அந்தக் காவலர்கள் மேல்தான் மனம் நிற்கிறது. ஆக்கிரமிக்கப்பட்ட ஊரில், யாருக்கு வேலை செய்கிறோம் என்ற வெட்கத்தோடு சீருடை போட்டவர்கள், அந்தக் கேள்விக்கு வேறு என்ன பதில் சொல்லியிருப்பார்கள்? உண்மை வெளியே வந்த பிறகு அவர்கள் வீட்டுக்குப் போய் என்ன பேசினார்கள், அடுத்த நாள் எப்படி வேலைக்கு வந்தார்கள்? பெத்தியோவைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள், சரி. அந்தக் காவலர்களில் ஒருவர் சொல்வதாக யாராவது ஒரு நாவல் எழுதினால் நான் முதல் நாளே வாங்கிவிடுவேன்.