ரஷ்யா ஐ.நா.விலிருந்து நீக்கப்படவில்லை

மும்பை மாட்டுங்கா, தாராவித் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில், 'உக்ரைன் மீது படையெடுத்த ரஷ்யாவை ஐ.நா. நீக்கிவிட்டது, இந்தியாவும் ஆதரித்து வாக்களித்தது' என்ற செய்தி ஒரு வாக்குப் பலகையின் படத்துடன் சுற்றி வருகிறது. இரண்டுமே தவறு. பலகையில் தெரியும் 93, 24, 58 என்ற எண்களே உண்மையைச் சொல்லிவிடுகின்றன: அவை 2022 ஏப்ரல் 7 அன்று, ஐ.நா.வின் ஓர் அங்கமான மனித உரிமைப் பேரவையில் மட்டும் ரஷ்யாவின் உறுப்புரிமையை நிறுத்திவைக்கப் பொதுச்சபை நடத்திய வாக்கெடுப்பின் முடிவுகள் (ஆதரவு 93, எதிர்ப்பு 24, விலகல் 58). வாக்களிக்காமல் விலகி நின்ற அந்த 58 நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

ஐ.நா. சாசனத்தின் 6ஆம் பிரிவின்படி, ஓர் உறுப்பு நாட்டை நீக்கப் பொதுச்சபை மட்டும் போதாது; பாதுகாப்புச் சபையின் பரிந்துரையும் வேண்டும், அங்கோ ரஷ்யாவின் கையிலேயே வீட்டோ, அதாவது எந்த முடிவையும் தடுக்கும் அதிகாரம், இருக்கிறது. (பூட்டும் சாவியும் ஒரே கையில்.) படையெடுப்பைக் கண்டிக்கும் வரைவுத் தீர்மானம் 2022 பிப்ரவரி 25 அன்று 11 நாடுகளின் ஆதரவு கிடைத்தும் அந்த வீட்டோவால்தான் வீழ்ந்தது. குவைத் மீது படையெடுத்த ஈராக்குக்கு அத்தகைய கவசம் இல்லாததால், 1990 நவம்பரில் பாதுகாப்புச் சபையின் 678ஆம் தீர்மானம் படைபலத்துக்கே அனுமதி அளித்தது.